கரும்பும் தாவர நூலும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தாவர நூல் என்றதும், செடிகளின் பெயர்களை நெட்டுருப் போடுவதே என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். "வேறு இடம் கிடைக்காத பிள்ளை படிப்பது அது" என்று நம் வீடுகளில் நாமே சொல்லியும் இருக்கிறோம். அஃது எத்துணைப் பிழை என்பதை, நாம் குடியேறி வாழும் இவ்வட நாட்டின் கரும்பைக் கொண்டே காட்ட விழைகிறோம்.

1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. வட நாட்டில் கரும்பு பூத்து விதை கொள்வது அரிது. கோவையிலோ நன்கு பூக்கும். எவ்விடத்தில், எப்பருவத்தில், எது செழிக்கும் என ஆராய்வது சூழ்நிலையியல். இனிய கரும்பும் காட்டு நாணலும் ஓரினத்து உறவினர் எனக் கூறுவது வகைப்பாட்டியல். பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் அவ்விரண்டையும் கலந்தனர். ஒன்றின் இனிமையும் மற்றதன் வன்மையும் பெற்ற கோ 205 என்னும் வகை 1918-இல் வட இந்திய உழவர்க்கு அளிக்கப்பெற்றது. இது மரபியலின் பயன். 1930-களில் அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் குரோமோசோம்களை எண்ணிக் கலப்பினங்களை ஆராய்ந்தார், இஃது உயிரணுவியல். இலை வெயிலொளியால் சர்க்கரை சமைப்பதையும், அது தண்டிற் சேர்வதையும் விளக்குவது உடற்செயலியல்.

எல்லாம் வென்றுவிட்டோம் என இறுமாத்தல் வேண்டா. 2009-இல் வெளியிடப்பெற்ற கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியில் பரவியது, விளைவு பெருகியது. பின்னர்ச் செவ்வழுகல் என்னும் பூஞ்சை நோய் அதனைப் பற்றியது. தண்டைப் பிளந்தால் உட்புறம் சிவந்து, இடையிடையே வெண்திட்டுகள் காணும். ஒரே வகையை எங்கும் நட்டமையால், நோய்க்கும் எங்கும் வழி திறந்தது. ஓராண்டு உழைப்பு கண்ணெதிரே காயக் காணும் உழவனுக்கு, நோயற்ற கரணையைத் தேர்ந்து நடுக என்றும், வகைகளை மாற்றி நடுக என்றும் வழிகாட்டுவது தாவர நோயியல்.

அன்பர்களே! துறைகள் பல, செடி ஒன்றே. ஒரு துறை தளர்ந்தால் மற்றவை தனித்து நின்று அதனைக் காக்க இயலா.

அக்கரும்பும் நம்மைப் போலவே தெற்கே பிறந்து வடக்கே வேரூன்றியது. நம் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ நாளை, "செடிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்றால், முகம் சுளியாது வாழ்த்தி அனுப்புவோமாக.