பேனா யார் கையில்? – தொடுதிரைப் பலகையும் மழைக்கால ஆய்வுக் கூட்டமும்

(மதுராந்தகத்தில் பல துறைப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதுராந்தகம்னு சொன்னதும் ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாகக் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றில் போய்ச் சேரும். 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், கொட்டும் மழையில் ராத்திரி நேரத்தில் கரையைப் பார்க்கப் போனார், அங்கே ராமரும் லட்சுமணரும் காவல் நிற்பதைக் கண்டார் என்பது ஊர்க் கதை. அதனால்தான் இங்கே இருப்பவர் ‘ஏரி காத்த ராமர்’.

இன்றைக்குக் கரையையும், கரைக்குக் கீழே இருக்கிற ஊர்களையும் காக்க வேண்டியவர்கள் பல பேர். நீர்வளத்துறை, வருவாய்த்துறை, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், காவல், தீயணைப்பு, மின்வாரியம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே படம் கண்ணில் தெரிய வேண்டும். ஸ்மார்ட் போர்டு என்று நாம் சொல்கிற தொடுதிரைப் பலகை உதவுவது இந்த இடத்தில்தான்.

இது புதுசு இல்லை. கனடா நாட்டு ஸ்மார்ட் நிறுவனம் 1991-லேயே இந்தப் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘ஸ்மார்ட் போர்டு’ என்கிற பெயரே அந்த நிறுவனத்தின் பெயர்தான். நம்ம ஊரில் பள்ளி வகுப்பறை வழியாகத்தான் பலருக்கும் பழக்கம். பெரும்பாலான பலகைகளின் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் எந்த இடத்தில் கதிரை மறைக்கிறதோ, அந்த இடத்தில் கோடு விழும். சட்டத்தின் ஓரத்தில் தூசி சேர்ந்தால் தொடாமலே கோடு வரும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சாதாரண மார்க்கர் பேனாவால் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பலகையில் தாலுகா வரைபடம். முன்னால் ஒருவர் நின்று காட்டுகிறார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு கிராம உதவியாளர். எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், எந்தத் தெருவில் நடக்க முடியாத பாட்டி தனியாக இருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் எழுந்து வரவில்லை. கூட்டம் முடிந்துவிடுகிறது. இதற்குப் பலகை எதற்கு? ஒரு புரொஜெக்டரே போதுமே!

நம் கிராமங்களில் இதைவிட நல்ல பலகை ஒன்று இருந்தது. பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று சொல்வோம். தெருவில் கோலமாவால் ஊரின் வரைபடத்தை மக்களே போடுவார்கள். ஒருவர் குளத்தை வரைவார். இன்னொருவர், “இல்லைங்க, வாய்க்கால் இந்தப் பக்கமா போகுது” என்று குனிந்து அழித்துத் திருத்துவார். மாவு எல்லோர் கையிலும் இருந்தது. ஒரே குறை, காற்று அடித்தால் படம் போய்விடும்.

தொடுதிரைப் பலகை அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் மாவை எல்லோர் கையிலும் கொடுக்கிற பழக்கத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்று யோசனை.

ஒன்று, பேனா கீழிருந்து மேலே போகட்டும். முதலில் கிராம உதவியாளர், அடுத்து வி.ஏ.ஓ., அதன் பிறகு பொறியாளர், கடைசியில் தலைமை அதிகாரி. பெரியவர் முதலில் கோடு போட்டுவிட்டால், சின்னவர் அதைத் திருத்த மாட்டார். மதகையும் வாய்க்காலையும் தினமும் பார்க்கிற நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தினரையும் கூப்பிடுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் பொறுப்பாளரின் பதவியும் தேதியும் இருக்கட்டும். ‘தூர் வார வேண்டும்’ என்று எழுதினால் யாரும் வார மாட்டார்கள். யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதினால் வேலை நகரும்.

மூன்று, அழிப்பதற்கு முன்னால் சேமியுங்கள். பக்கத்தை பி.டி.எஃப். ஆக்கி, கூட்டம் முடியும் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதி கோப்பில் சேரட்டும். இரண்டு நகலை அச்சடித்தும் வையுங்கள். புயல் அன்றைக்கு முதலில் போவது கரண்டுதான்.

சேமிப்பதில் இன்னொரு முக்கியமான சங்கதி உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கணினியில் உருவாகிற எந்தப் பொருளும் பதிவுருதான். நீங்கள் சேமித்த பலகைப் பக்கத்தை மக்கள் கேட்கலாம். அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. “எங்க ஊரை அன்னைக்கே சொன்னோமே, குறிச்சீங்களா?” என்று ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் சான்று இருக்கும். அதே நேரத்தில், பயனாளிகளின் ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் பலகையில் விரித்து வைக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் லாக்-அவுட் செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வருபவர் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

இதைப் படிக்கிற பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவது அக்டோபர் 2 கிராம சபை. அன்றைக்கு உங்கள் ஊரின் வெள்ள வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பலகை இல்லாத ஊராட்சியா? பரவாயில்லை. தரையில் கோலமாவால் போடுங்கள், செல்போனில் ஒரு படம் எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே பலகையில் ஏற்றுவது எங்கள் வேலை.

ஒரு பலகைக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை விட, அதில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதுதான் கணக்கு. அடுத்த கூட்டத்தில், கடைசி வரிசையில் இருப்பவரிடம் பேனாவைக் கொடுத்துப் பாருங்கள்.