காட்டுவழி வண்டிக்கு அச்சும் ஸ்ரியறிங்கும் உயரமும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாரியில் வெள்ளம் வழிகளை மறித்தபோது உணவு மூடைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோன நம் இளைஞர்கள், அடுத்த மாரிக்கு முன் தமக்கென ஒரு வண்டி வேண்டுமென்று பழைய லாண்ட் றோவர் ஒன்றை வாங்கி மண்டபத்தின் பின்புறத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 109 அங்குலங் கொண்ட நீள வண்டி அது. அதனை 6 அங்குலம் உயர்த்தி 36 அங்குல ரயர் பூட்டவேண்டும் என்பது இளைஞர் கட்சி. வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது பெரியோர் சிலரின் கட்சி. வண்டிகளுக்குக் கீழே மல்லாந்து கிடந்தே வாழ்நாளிற் பாதியைக் கழித்த எம்மைப் பேசவிடுவது என்ற ஒன்றில் மாத்திரம் இரு கட்சியாரும் ஒத்திருக்கிறார்கள்.

முதலில் அச்சைப் பார்ப்போம். காட்டுவழியிலே கல்லில் முதலில் முட்டுவது எது? வண்டியின் உடலன்று, அச்சின் நடுவே பூசணிக்காய்போலத் தொங்கும் டிபரென்ஷல் பெட்டியே. வில்லுகளை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பெட்டி ஒரு நூலளவும் உயராது. ஏனெனில் அச்சு சில்லின் நடுவிலே இருக்கிறது. வில்லு அச்சுக்கும் உடலுக்கும் இடையே இருக்கிறது. ரயரின் விட்டம் 4 அங்குலங் கூடினால் பெட்டி 2 அங்குலம் உயரும். அவ்வளவே. 6 அங்குலம் உயர்த்தும் செலவில் எந்தக் கல்லைத் தாண்டப்போகிறோம் என்று இளைஞர்களை நாம் கேட்டபோது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தடையை வேறுவிதமாக வென்றவர்கள் ஜேர்மனியர். அல்பேட் பிறீட்றிக் என்ற பொறியியலாளரின் திட்டத்தில் 1946 ஆம் ஆண்டிலே முதன் மாதிரி செய்யப்பட்ட யூனிமொக் வண்டியில் அச்சு சில்லின் நடுவுக்கு நேரே வருவதில்லை. அதற்கு மேலே வருகிறது. சில்லின் அருகே ஒரு சிறு கியர்ப்பெட்டி அச்சின் சுழற்சியைக் கீழே இறக்கிச் சில்லுக்குக் கொடுக்கிறது. பெரிய ரயர் இல்லாமலே பெட்டி மேலேறிவிடுகிறது. அந்தக் கியர்ப்பெட்டியே வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுவதால் உள்ளே சுழலும் தண்டுகளும் அவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டியதில்லை. அழகான வேலை! ஆனால் சில்லுக்கொன்றாக நான்கு கியர்ப்பெட்டிகள், நான்கிற்கும் எண்ணெய், நான்கிற்கும் சீல். நம் பணப்பெட்டியை நினைத்து அதனை வணங்கிவிட்டு அப்பாற் செல்வோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் றுபிகன் தடம் போன்ற கற்பாதைகளுக்கு வண்டி கட்டுபவர்கள் பெரும்பாலும் அச்சிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர்கள் டானா 44, டானா 60 என்பன. 44 இல் முடிசில்லின் விட்டம் 8.5 அங்குலம், 60 இல் 9.75 அங்குலம். 44 இன் 30 பல்லுத் தண்டின் கனம் 1.31 அங்குலம், 60 இன் 35 பல்லுத் தண்டின் கனம் 1.5 அங்குலம். வித்தியாசம் ஒரு விரற்கடை கூட இல்லையே என்று எண்ணற்க. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் கனமூலத்தையல்ல, மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 1.5 ஐ 1.31 ஆற் பிரித்து மும்முறை பெருக்கிப் பாருங்கள்: ஒன்றரை வரும். அதே உருக்கானால் ஒன்றரை மடங்கு வலு. வேறு சிலர் அமெரிக்க இராணுவத்தின் இரண்டரைத் தொன் லொறியிலிருந்து கழற்றிய றொக்வெல் அச்சைப் பூட்டுவர். அதன் கியர் விகிதம் 6.72. முறிப்பது கடினம், தூக்குவதும் கடினம். அந்தப் பாரத்தை நிறுத்தப் புதுப் பிறேக்கும் வேண்டும்.

நம் வண்டியின் அச்சைப்பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. அதன் பின் அச்சு முழு மிதப்பு வகையைச் சேர்ந்தது. அதாவது வண்டியின் பாரத்தை வெளிக்குழாயும் அதன்மேலிருக்கும் பெயரிங்குகளும் தாங்குகின்றன. உள்ளே உள்ள தண்டு சுழற்றுவதை மாத்திரம் செய்கிறது. பாதி மிதப்பு வகையில் தண்டே பாரத்தையுஞ் சுமக்கும். அங்கே தண்டு முறிந்தாற் சில்லும் கழன்று போகலாம். நம் வண்டியிற் பின் தண்டு முறிந்தால், துண்டுகளை இழுத்தெடுத்துவிட்டு முன் அச்சின் இழுவையில் வீடு வந்து சேரலாம். பழைய லாண்ட் றோவரின் தண்டு முறிவதிற் பேர்பெற்றது என்பதையும் மறைக்கக்கூடாது. பின்வந்த 109 வண்டிகளிற் பூட்டிய சோல்ஸ்பரி அச்சு டானா 60 இன் உறவுமுறை, அதிக வலுவுள்ளது. பழைய சாமான் கடைகளில் அது அகப்படுமானால் ரயருக்குச் சேர்த்த காசை அதற்குக் கொடுப்பது நலம்.

ரயரைப் பற்றி இன்னுமொன்று. வண்டிக்கென வந்த 7.50-16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 32 அங்குலம்; அச்சின் விகிதம் 4.7. 36 அங்குல ரயர் பூட்டினால் இழுவையில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். போனதை மீட்க 5.3 அளவில் விகிதம் வேண்டும். அந்தப் பற்சில்லுக்கு எங்கே போவது? பெரிய சில்லு நீண்ட நெம்புகோல் போன்றது. முறியும் தண்டை இன்னும் விரைவில் முறிக்கும்.

இனி ஸ்ரியறிங். திரும்பும்போது உட்சில்லு வெளிச்சில்லிலும் கூடுதலாகத் திரும்பவேண்டும் என்பதை மோட்டார் வண்டி பிறக்குமுன்னரே கண்டவர் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பேகர். 1818 இல் இலண்டனிலே அதற்குக் காப்புரிமை பெற்றவர் அக்கர்மன். பெயரும் அவருக்கே நிலைத்துவிட்டது. அது நிற்க. வண்டியை உயர்த்தும்போது ஸ்ரியறிங்கில் நேர்வது என்னவென்றால், மேலேயிருந்து சில்லுக்குப் போகும் கோல் முன்னர் ஏறக்குறையப் படுக்கையாகக் கிடந்தது. இப்போது சரிந்து நிற்கிறது. சரிந்த கோல், சில்லு பள்ளத்தில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் சில்லைத் தானாகவே திருப்பும். ஓட்டுபவர் கையை அசைக்கவில்லை, வண்டி திரும்புகிறது! அத்துடன் வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் கட்டை ஒருபுறம் சரிவாயிருந்தால் முன் அச்சின் பின்சாய்வு கெடும். அந்தச் சாய்வே ஸ்ரியறிங்கை நேருக்குத் திருப்பிக் கொண்டுவருவது. கெட்டால் வண்டி தார் வீதியில் அலையும். பந்துமூட்டுகளும் தேய்ந்திருந்தால் முன்சில்லுகள் இரண்டும் பேய்பிடித்ததுபோல் உதறும். கற்பாதையில் மாத்திரம் ஓடும் அமெரிக்க வண்டிகளிற் சிலர் கோலையே நீக்கி எண்ணெய்க் குழாயால் மாத்திரம் சில்லைத் திருப்புகிறார்கள். குழாய் வெடித்தால் ஸ்ரியறிங் இல்லை. வீதிக்கு வரும் வண்டிக்கு அது ஆகாது.

இப்போது உயரம். இதைச் சொல்லத்தான் இங்கு வந்தோம். இளமையில் நாமும் உயரத்தில் மயங்கியவர்களே. ஒரு ஜீப்பின் வில்லுக்கும் அச்சுக்கும் நடுவிற் கட்டை கொடுத்து உயர்த்தினோம். ஊரார் நின்று பார்த்தார்கள், எமக்குப் பெருமை. மூன்றாம் மாதம் குளக்கட்டிலிருந்து இறங்கும் வளைவில் அது புரண்டது. வேகம் இருபது மைலுக்கு மேலில்லை. ஓட்டியவர் எமது நண்பர். அன்றுமுதல் அவர் எழுந்து நடக்கவில்லை. கட்டை வைத்தவை எமது கைகள். விசாரணையில் வளைவையும் மழையையும் குற்றஞ் சொன்னார்கள். நாம் வாய் திறக்கவில்லை.

பின்னர்தான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் லாண்ட் றோவரின் இடது வலது சில்லுகளுக்கு நடுவே ஏறக்குறைய 52 அங்குலம், பாதி 26. பாரத்தின் மையம் நிலத்திலிருந்து 30 அங்குலத்தில் என்று கணக்குக்காக வைப்போம். 26 ஐ 30 ஆற் பிரித்தால் 0.87. வில்லுகளை 6 அங்குலம் உயர்த்தினால் அச்சும் சில்லும் கீழேயே நிற்பதால் மையம் ஏறக்குறைய 5 அங்குலம் ஏறும். 26 ஐ 35 ஆற் பிரித்தால் 0.74. நல்ல ரயர் காய்ந்த தார் வீதியைப் பற்றும் அளவு 0.7 முதல் 0.8 வரை. முந்திய வண்டி அவசரத்தில் வெட்டித் திருப்பினாற் சறுக்கும். உயர்த்திய வண்டி சறுக்குமுன் புரளலாம். சரிவில் நிற்கும் கோணமும் 41 பாகையிலிருந்து 37 பாகைக்கு இறங்கும். வில்லும் ரயரும் ஒருபுறம் அமுங்குவதையும் மேலே அடுக்கும் மூடைகளையும் சேர்த்தால் உண்மையான எண் இதிலும் குறைவு.

வெள்ளத்துக்கு உயரம் வேண்டாமா என்று இளைஞர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நிற்கும் தண்ணீரில் உயரம் உதவும். ஓடும் வெள்ளம் 2 அடி ஆழமானாலே பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்ல வல்லது. உயர்ந்த வண்டி செய்யும் தீங்கு, மற்றவர் திரும்பும் இடத்தில் ஓட்டுபவரை இறங்கத் தூண்டுவதே. தண்ணீருக்கு அவசியமானது வேறு: சூடான அச்சு குளிர்நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மூச்சுத் துவாரத்திலே ஒரு இறப்பர்க் குழாய் பூட்டி மேலே கொண்டுபோய்விட வேண்டும். செலவு மிகச் சொற்பம். அதனை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆதலால் எமது எண்ணம் இது. வண்டியை விற்க வேண்டியதில்லை. தொய்ந்த வில்லுகளை எடுத்துப் புதியன பூட்டினால் இழந்த உயரம் தானே திரும்பும். அதற்குமேல் 2 அங்குலத்தைத் தாண்டலாகாது. ரயர் 7.50-16 ஆகவே இருக்கட்டும். டிபரென்ஷலுக்குக் கீழே ஒரு கனத்த தகட்டுக் கவசம். ஸ்ரியறிங் பந்துமூட்டுகள் யாவும் புதிது. பிறேக் குழாய்கள் வில்லு முழுதும் இறங்கும்போது இழுபடாத நீளம். பொருட்களைக் கூரையில் ஏற்றாமல் தட்டிலே தாழ வைத்துக் கட்டும் கொளுக்கிகள். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்பே எந்த மாற்றமும்.

இளைஞர் தலைவர் இன்னும் 4 அங்குலமாவது வேண்டும் என்கிறார். நாம் அவரோடு மேலும் வாதாடப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை காலை வண்டியின் ஒருபுறத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, மையத்தை அளந்து பார்க்கப் போகிறோம். எமது நண்பரும் வர இசைந்திருக்கிறார். பெரிய ஜக் இரண்டு குறைகிறது, உள்ளவர்கள் கொண்டுவருக.