ஃபியட் இன்ஜினும் ஒரு வாளி வெந்நீரும்

(நமது சங்கத்தின் பெங்களூரு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வு பெற்ற அங்கத்தினர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். எனக்கு முன்னால் பேசியவர் ராகங்களைப் பற்றி அழகாகப் பேசி அமர்ந்திருக்கிறார். நான் பேசப் போவதோ கிரீஸும் புகையும். பொறுத்தருள வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். கையில் பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்ததில்லை. அல்சூருக்குப் பக்கத்தில் மர்பி டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். நாக்ஸ்பேட்டை என்று பழைய பெயர். மர்பி என்ற இன்ஜினீயரின் பெயரால் இப்போதைய பெயர் வந்தது. இன்ஜினீயர் பெயர் கொண்ட பேட்டையில் குடியிருந்ததால்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

1987-ல் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி. மூலம் இத்தாலியின் ஃபியட் 1100 என்பதால் கடைசி வரை எல்லோரும் அதை ஃபியட் என்றே சொன்னோம். நான்கு சிலிண்டர், 1089 சி.சி. சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 75 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

1994 ஆரம்பத்தில் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சொன்ன தொகை என் ஒன்றரை மாதச் சம்பளம். அன்று இரவுதான் நாமே பிரித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

தைரியம் கொடுத்தவர் கோவை ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிக் கற்றுக் கொண்டவர் அவர். நம்மவர்களில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீலாகவும், ரயில்வேயிலும், பாங்கிலும் இருந்துவிட்டு 1911-ல் மோட்டார் தொழிலுக்கு வந்தவர். மோட்டார் என்றால் நமக்கு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

முதலில் வியாதி என்ன என்று தெரிய வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிளக்குகளைக் கழற்றி, இரவல் வாங்கிய கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தேன். நல்ல இன்ஜினில் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். என் வண்டியில் மூன்றாவது மட்டும் மிகவும் குறைவு. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். அழுத்தம் ஏறியது. ஆயில் விட்டால் ஏறுகிறது என்றால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம். ஏறவில்லை என்றால் வால்வையோ ஹெட் காஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். இது அன்றும் இன்றும் எந்த பெட்ரோல் வண்டிக்கும் பொருந்தும்.

ஏப்ரலில் லீவு போட்டு ஆரம்பித்தேன். கனமான இரும்புக் குழாய்கள் மூன்றை முக்காலியாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கில் இன்ஜினைத் தூக்கினேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நட்டு போல்ட்டுகள். எது எங்கிருந்து வந்தது என்பதை நோட்டில் படம் போட்டு எழுதியது அப்போது ஒன்பதாவது படித்த என் பெண். ஹெட்டை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடாக இருக்கும்போது கழற்றினால் ஹெட் வளைந்துவிடும்.

சிலிண்டரின் தேய்மானத்தை அளக்க என்னிடம் போர் கேஜ் கிடையாது. அதற்கு ஒரு சுலப வழி உண்டு. ஒரு பிஸ்டன் ரிங்கை சிலிண்டரின் அடிப்பாகத்தில், தேய்மானம் இல்லாத இடத்தில் மட்டமாக வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தோம். 0.40 மி.மீ. அதே ரிங்கை மேல் பக்கம் வைத்து அளந்தோம். 1.15 மி.மீ. வித்தியாசம் 0.75. "அப்பா, இது சுற்றளவு வித்தியாசம்தானே? பையால வகுத்தா விட்டம் வந்துடுமே" என்றாள் பெண். 0.75-ஐ 3.14-ஆல் வகுத்தால் 0.24 மி.மீ. மூன்று நான்கு தலைமயிரின் கனம். அவ்வளவு தேய்ந்ததற்குத்தான் அத்தனை புகை!

ஏன் மேலே மட்டும் தேய்கிறது? பெட்ரோல் வெடிக்கும் சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். ஆயில் போய்ச் சேருவது அங்கேதான் குறைவு. தவிர, பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. நகரும்போதுதான் ஆயில் படலம் உருவாகி இரும்பையும் இரும்பையும் பிரித்து வைக்கும். நிற்கும் கணத்தில் படலம் அறுந்து உரசல் ஏற்படுகிறது. புத்தகத்தில் படித்த உராய்வை அன்றுதான் விரலால் தடவிப் பார்த்தேன்.

பிளாக்கை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு ஜே.சி. ரோடு பக்கம் ஒரு போரிங் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். நான்கு சிலிண்டரையும் ஒரே அளவுக்குக் கடைந்து, கடைசியில் ஹோனிங் கல்லால் குறுக்கு நெடுக்காகக் கோடுகள் போட்டார். அந்த நுண்ணிய கோடுகளில்தான் ஆயில் தங்கும். புதிய ரிங்குகள் பதிந்து உட்காரவும் அவை வேண்டும். சற்றுப் பெரிய அளவு பிஸ்டன்களும் ரிங்குகளும் அதே ரோட்டில் வாங்கினேன்.

பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பாய் சொன்னார்: "சார், வீட்டுக்குப் போய் வெந்நீர்ல சோப்பு போட்டு, பிரஷ்ஷால நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. வெள்ளைத் துணியால தொடச்சா துணி வெள்ளையாவே இருக்கணும். அப்புறம் உடனே ஆயில் தடவிடுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மனசுக்குள் சிரித்தேன். புதிதாகக் கடைந்த இரும்பில் தண்ணீரா? துரு ஏறாதா? பௌதிகம் படித்த எனக்கு, பள்ளிக்கூடம் போகாத ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நான்கு தரம் துடைத்தேன். பளபளவென்று இருந்தது.

அப்போது என் அம்மா எங்களோடு இருந்தாள். எழுபத்தெட்டு வயது. கழுவி வைத்த பாகங்களை யாரும் தொடக்கூடாது என்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "ஏண்டா, இதுக்கும் மடி உண்டா?" என்று கேட்டாள். "உண்டும்மா, நம்மாத்து மடியைவிட அதிகம்" என்றேன்.

பூட்டுவதை விவரித்தால் செயலாளர் மணி அடிப்பார். ரிங்குகளின் இடைவெளிகள் ஒன்றின் கீழ் ஒன்று வராமல் சுற்றி வைத்தேன். பேரிங் ஷெல்கள் புதிதாகப் போட்டேன். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் முடுக்கினேன். இரண்டாவது சாவியிலேயே இன்ஜின் பிடித்துக் கொண்டது. தெருவில் கைதட்டினார்கள். என் தலை பெருத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

அம்மாவுக்கு ஓர் ஆசை. கும்பகோணம் பக்கத்தில் அவள் பிறந்த கிராமத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். ரயிலும் பஸ்ஸும் அவளுக்கு ஒத்துக் கொள்ளாது. "உன் வண்டி ரெடியானதும் கூட்டிண்டு போ" என்றிருந்தாள். வேகம் ஏற்றாமல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கிவிட்டு, ஆகஸ்டில் ஒரு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஓசூர் தாண்டி சூளகிரி வருவதற்குள் இன்ஜின் விட்டு விட்டு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. மூன்றாவது பிளக் ஆயிலில் முழுகிக் கறுத்திருந்தது. ஆயில் குச்சியில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. பிளக்கைத் துடைத்துப் போட்டு, ஆயில் ஊற்றி, மெதுவாக மர்பி டவுனுக்கே திரும்பினோம். அம்மா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை.

மறுபடி பிரித்தேன். நான்கு மாதத்தில் புதிய ரிங்குகளின் இடைவெளி இரட்டிப்பாகியிருந்தது. பேரிங் ஷெல்களில் நகம் தட்டும் அளவுக்குக் கோடுகள். ஒரு ரிங்கையும் ஒரு ஷெல்லையும் எடுத்துக் கொண்டு பாயிடம் போனேன். அவர் ஷெல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வெந்நீர்ல கழுவினீங்களா சார்?"

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பட்டறையில் கிடந்த வேறொரு பிளாக்கில், மண்ணெண்ணெயில் துடைத்துப் பளபளவென்று இருந்த சிலிண்டரை, சோப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடைத்துக் காட்டினார். துணி சாம்பல் நிறமாக வந்தது. ஹோனிங் கல்லின் பொடி அது. மண்ணெண்ணெய் ஆயிலைத்தான் கரைக்கும். பொடி கோடுகளுக்குள் அப்படியே தங்கிவிடும். சோப்பும் வெந்நீரும் பிரஷ்ஷும்தான் அதைக் கிளப்பி வெளியே கொண்டு வரும். உடனே துடைத்து ஆயில் தடவினால் துரு ஏற நேரம் ஏது? என் பௌதிகம் இதை யோசிக்கவில்லை. நானே உப்புக் காகிதத்தை உள்ளே வைத்து இன்ஜினை ஓட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அத்தனை மடி பார்த்தியே, அலம்பலையா?"

பணமும் லீவும் சேர்ந்து இரண்டாவது முறை முடிக்க 1995 ஜனவரி ஆகிவிட்டது. இந்தத் தடவை மூன்று வாளி வெந்நீர். துணி வெள்ளையாக வரும் வரை தேய்த்தது அம்மா பார்த்துக் கொண்டிருக்கும்போதுதான். இன்ஜின் அதன் பிறகு பதினாறு வருஷம் புகை விடவில்லை. ஆனால் அதற்குள் அம்மாவுக்கு மூட்டு வலி முற்றி, அரை மணிக்கு மேல் வண்டியில் உட்கார முடியாமல் போய்விட்டது. அல்சூர் ஏரி வரை கூட்டிக் கொண்டு போய்த் திரும்புவேன். கிராமத்தை அவள் பார்க்கவில்லை. 1996-ல் காலமானாள்.

இதை இதுவரை எந்தச் சபையிலும் சொன்னதில்லை. பொழுதுபோக்கு என்று கேட்டதால் சொல்கிறேன். பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நானும் ஒருதரம் இப்படிப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன்" என்றார். அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக் கொண்டேன். நமக்கு வேதமோ கணிதமோ சொல்லிக் கொடுத்தவரை குரு என்கிறோம். அவரையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

வண்டியை 2011-ல், பழைய வண்டிகளைப் பராமரிக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். மும்பையில் பத்மினி டாக்ஸிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. என் பேரன் ஓட்டும் மின்சாரக் காரில் பிஸ்டனே கிடையாது.

இருந்தாலும் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு மூன்று வார்த்தை. தினமும் ஆபீசுக்குப் போகும் வண்டியில் ஆரம்பிக்காதீர்கள். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ தலையோ போகக் கூடாது. பாகங்களைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், நெருப்புப் பற்றிக் கொள்ளும். மண்ணெண்ணெயோ டீசலோ போதும். சிலிண்டருக்கு மட்டும் என்ன வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

என் டூல் பாக்ஸும் ஃபீலர் கேஜும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. வேண்டுபவர்கள் வந்து கேட்டு வாங்கிக் கொள்ளலாம். திருப்பிக் கொடுத்தால் போதும்.