எழுதி வைத்த கட்டமைப்பு

ஒரு வலைச்செயலியைக் கிளவுடில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. நிர்வாகத் திரையில் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி சர்வர், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றை அமைப்பது ஒன்று. வேண்டியவை அனைத்தையும் ஒரு வார்ப்புருக் கோப்பில் எழுதிக் கொடுத்து, அமைக்கும் வேலையைக் கணினியிடம் விடுவது மற்றொன்று. அமேசான் 2011இல் கிளவுட்ஃபார்மேஷனையும், ஹாஷிகார்ப் 2014இல் டெராஃபார்மையும் இதற்கான கருவிகளாக வெளியிட்ட பிறகு இரண்டாம் வழி பெருவழக்காயிற்று. வேலை விரைவாக முடிகிறது என்பதற்காகவே பலரும் இதைப் பாராட்டுகிறார்கள். வேகத்தைக் காட்டிலும் பொறுப்புடைமையே இதன் முதற்பயன் என்பது என் வாதம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்துக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரல், ஒரு சர்வரில் மட்டும் விடுபட்டது. அதில் கிடந்த பழைய நிரல் இயங்கத் தொடங்க, சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. நிரல் ஏற்றத்தை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துவடிவ நடைமுறையே அங்கு இல்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013இல் சுட்டிக்காட்டியது. வார்ப்புரு இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. எட்டு சர்வர்களும் ஒரே விவரிப்பிலிருந்து உருவாகின்றன. கோப்பைக் கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் களஞ்சியத்தில் வைத்தால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறது. எது புதிதாக வரும், எது மாறும், எது நீங்கும் என்பதை முன்கூட்டியே பார்த்து மற்றவர் ஒப்புதல் தரலாம்.

ஒரு பிழையான வரி எல்லா இடங்களுக்கும் பரவாதா என்று கேட்கலாம். பரவும். தரவுத்தளத்தின் பெயர் போன்ற சில பண்புகளை மாற்றினால், கிளவுட்ஃபார்மேஷன் புதியதொன்றை உருவாக்கிப் பழையதை நீக்கிவிடும். கவனியாதவர் தரவை இழக்க நேரிடலாம். ஆனால் எழுதப்பட்ட பிழையை முன்னோட்டத்தில் கண்டுபிடிக்கலாம், ஒரே இடத்தில் திருத்தலாம். கையால் செய்த பிழைக்குத் தடயம் அரிது. ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்வோம் என்பது அடுத்த மறுப்பு. இதுவும் நியாயமானதே. 2023இல் டெராஃபார்மின் உரிமம் இறுக்கப்பட்டதும், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓப்பன்டோஃபு என்ற கிளைத் திட்டம் பிறந்தது. இருப்பினும் இடம் மாற நேர்ந்தால் எதை மீண்டும் கட்ட வேண்டும் என்று சொல்வது அந்தக் கோப்புதான். சிறு குழுவுக்கு இது வீண்சுமை என்போருக்கு ஒரு சொல்: ஒரு நாள் சோதனைக்கு வார்ப்புரு வேண்டாம், பிறருடைய தரவைக் காக்கும் செயலிக்கு அந்த விலக்கு பொருந்தாது.

ஆகவே கருத்தரங்கின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். செயலியின் நிரலைப் பாடமாக்கும் நம் கல்லூரிகள், அதை ஏற்றும் வார்ப்புருவையும் மதிப்பீட்டுக்கு உரியதாக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையோடு வார்ப்புருவையும் வெளியிட்டால்தான் மற்றவர் அதே சூழலில் நம் முடிவைச் சோதிக்க முடியும். கட்டுரை வாசிப்போர் இந்த அளவுகோலைத் தங்கள் ஆய்வுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கி வைக்கிறேன்.