கையெழுத்துக்கு முன்னால் நான்கு கேள்விகள்

(வலியசாலை பெண்கள் கூட்டத்தில் பேசியது)

இன்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் பற்றிப் பேசப் போகிறேன். வெட்கப்பட வேண்டாம். இது நம் வீட்டு விஷயம்தான்.

கேரளத்தில் மணமான பெண்கள் 100 பேரில் சுமார் 47 பேர் இந்த ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு இதைச் சொல்கிறது. இவர்களில் பெரும்பாலோர் நிம்மதியாக இருக்கிறார்கள். சிலர் மட்டும் பின்னால் வருந்துகிறார்கள். 2015-16 ஆய்வில், ஆபரேஷன் செய்து கொண்ட இந்தியப் பெண்களில் 100க்குச் சுமார் 7 பேர் வருந்துவதாகச் சொன்னார்கள்.

ஏன் இந்த வருத்தம்? சிறு வயதிலேயே செய்து கொண்டது ஒரு காரணம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது இன்னொரு காரணம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் கடற்கரையில் பல தாய்மார்கள் பிள்ளைகளை இழந்தார்கள். அவர்களில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களும் இருந்தார்கள். கருக்குழாயை மறுபடி இணைக்கத் தமிழ்நாடு அரசு உதவி செய்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. ஆனால் அந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பலிப்பதில்லை.

படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பள்ளியில் அதிக நாள் படித்த பெண்ணுக்குக் கல்யாணம் தாமதமாக நடக்கிறது. ஆபரேஷன் பற்றி முடிவு செய்யும்போது அவளுக்கு வயதும் கூடியிருக்கிறது. காப்பர்-டி, மாத்திரை, ஊசி போன்ற வேறு வழிகளும் தெரிகின்றன. படிக்காத பெண் இளம் வயதிலேயே ஆபரேஷனுக்குப் போகிறாள். காட்டிய இடத்தில் கைநாட்டு வைக்கிறாள். பிறகு மனசு மாறினால் என்ன செய்வாள்?

2016இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெண்ணுக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்றது. நாம் தமிழ் பேசுகிறவர்கள். இங்கே ஆஸ்பத்திரிப் படிவம் மலையாளத்தில் இருக்கலாம். புரியவில்லையா? "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. இது நிரந்தரமானதா?
2. சில வருடங்களுக்கு மட்டும் போதும் என்றால் வேறு வழி உண்டா?
3. ஆபரேஷனுக்குப் பிறகு என்ன தொந்தரவு வரலாம்?
4. எனக்குப் பதில் என் கணவர் செய்து கொள்ளலாமா?

நான்காவது கேள்விக்குச் சிரிக்காதீர்கள். ஆண்களுக்கான ஆபரேஷன் இன்னும் எளியது. 1971இல் எறணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்து கொண்டார்கள்.

கணவரோடு கலந்து பேசுங்கள். ஆனால் உங்கள் ஆபரேஷனுக்கு உங்கள் சம்மதம்தான் வேண்டும். அவசரப்படுத்தினால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று வீட்டுக்கு வந்துவிடலாம். யாரும் தடுக்க முடியாது.

நாம் எழுத்துப் படித்தது பெயர் எழுத மட்டுமா? எதற்கடியில் பெயர் எழுதுகிறோம் என்று தெரிந்து கொள்ளவும்தான்.