நின்றுபோகும் புல்லட்

வடக்குத்து ஊரில் ஒருவர் பழைய புல்லட்டை எடுக்கிறார். வாசலில் ஒரே உதையில் கிளம்பிய வண்டி, வடலூர் எட்டுவதற்குள் இருமி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் புளியமர நிழலில் நின்றால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான்.

நம்மாட்கள் உடனே பிளக்கை மாற்றுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நின்ற இடத்திலேயே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், மூடியிலுள்ள சின்னத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. பழுப்பு நிலக்கரி தோண்டும் இந்தப் பக்கத்தில் தூசிக்கா பஞ்சம்!

மூடியில் கோளாறு இல்லையா? மூடியை இறுக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து உதையுங்கள். டேங்கிலிருந்து தள்ளியே வையுங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறிய பின் வந்தால் என் சந்தேகம் முதலில் கண்டன்சர் மேல்தான், அடுத்து காயில். கண்டன்சர் கெட்டால் பாயின்ட் முனைகளும் கருகியிருக்கும். அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கண்டன்சர் கட்டைவிரல் அளவுதான். புதிது ஒன்று கருவிப் பையில் கிடக்கட்டும்.