பூட்டு இருந்துச்சு, நான்தான் போடல

இந்த எபிசோடை ஓஎம்ஆர் ரூம்ல உட்கார்ந்து பேசல. ஊர்ல இருந்து பேசுறேன், பின்னாடி மாடு கத்துனா கண்டுக்காதீங்க. ஊர் புள்ளலூர், காஞ்சிபுரம் மாவட்டம். 1780 செப்டம்பர்ல ஹைதர், திப்பு படைகள் ஆங்கிலேயக் கம்பெனிப் படையைத் தோற்கடிச்ச அதே ஊர்தான். அந்தக் கதை இன்னொரு நாள். இன்னைக்கு நான் தோத்த கதை.

எங்க தெருவுல பால் ஊத்துறவங்களுக்கு ஒரு சின்ன வெப்சைட் பண்ணிக் கொடுத்திருந்தேன். யார் எத்தனை லிட்டர் ஊத்துனாங்க, எவ்வளவு பணம் வரணும், அவ்வளவுதான். ரசீதைப் போட்டோ எடுத்து ஏத்தலாம். முதல் நாளே அந்த அப்லோட் வேலை செய்யல. தேடுனதும் கிடைச்ச பதில்: செட்என்ஃபோர்ஸ் 0. அடிச்சேன், அப்லோட் ஆச்சு. அப்புறமா மாத்திக்கலாம்னு விட்டேன். சர்வரை ரீபூட்டே பண்ணல, அந்த 'அப்புறம்' எட்டு மாசம் ஓடிடுச்சு.

நான் அணைச்சது எஸ்இலினக்ஸை. லினக்ஸோட வழக்கமான முறையில, ஒரு ஃபைலோட சொந்தக்காரர் நினைச்சா யாருக்கு வேணும்னாலும் திறந்து விடலாம். எஸ்இலினக்ஸ் அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற இன்னொரு காவல். அமெரிக்காவோட என்எஸ்ஏ இதை 2000 டிசம்பர்ல வெளியிட்டுச்சு, 2003ல வந்த 2.6 கெர்னல்ல சேர்ந்துச்சு. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். எது எதைத் தொடலாம்னு பாலிசியில எழுதியிருக்கும். எழுதலைன்னா கிடையாது. ஃபைலோட ஓனரே சரின்னாலும் கிடையாது. உபுண்டுல இதே வேலையை ஆப்ஆர்மர் பண்ணுது, லேபிளுக்குப் பதிலா ஃபைல் இருக்கிற பாதையைப் பார்க்கும்.

எங்க பக்கத்து உதாரணம் சொல்றேன். உத்திரமேரூர் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் வருஷக் கல்வெட்டுகள் இருக்கு. குடவோலை முறையை ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம்னு வேலையைப் பிரிச்சிருக்காங்க. பதவியில இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் இல்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் இல்ல. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவங்களுக்கு மட்டுமே வாய்ப்புங்கிறதால அது எல்லாருக்குமான சபை இல்லதான். ஆனா விதி ஆளோட கையில இல்லாம சுவத்துல இருந்துச்சு பாருங்க, எஸ்இலினக்ஸும் அதே மாதிரிதான்.

சரி, என்ன ஆச்சு? ஒரு ராத்திரி ரசீது போட்டோங்கிற பேர்ல யாரோ ஒரு பிஎச்பி ஃபைலை ஏத்திட்டாங்க. செக் பண்ணாம வாங்கிக்கிட்டது என் கோடு. அது ஓடி, என் ஹோம் ஃபோல்டர்ல கிடந்த பேக்கப்பைப் படிச்சிருக்கு. அதுல எல்லாரோட பேங்க் அக்கவுண்ட் நம்பரும் இருந்துச்சு. அந்த ஃபோல்டருக்கு 755 போட்டு வெச்சதும் நான்தான்.

ஆடிட் லாக்கைத் திறந்தேன். 'டினைட்'னு தெளிவா எழுதியிருக்கு. வெப் சர்வர் லேபிள், ஹோம் ஃபைலைப் படிக்கப் பார்த்துச்சு, அனுமதி இல்ல. வரியோட கடைசியில பெர்மிஸிவ்=1. அதாவது, "தடுத்திருப்பேன், நீ வேணாம்னு சொன்ன, அதனால குறிச்சு மட்டும் வெச்சேன்."

மறுநாள் வீடு வீடா போய்ச் சொன்னேன், பேங்க்ல சொல்லி வைங்கன்னு. எதிர்வீட்டு அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "பூட்டு இல்லையாடா?" "இருந்துச்சு அத்தை, நான்தான் போடல." அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

நான் அன்னைக்குப் பண்ணியிருக்க வேண்டியது ரெண்டே கமாண்ட். அப்லோட் ஃபோல்டருக்கு எழுதக்கூடிய லேபிளை செமேனேஜ்ல பதிவு பண்ணணும், ரெஸ்டோர்கான் ஓட்டணும். அஞ்சு நிமிஷ வேலை.

இது எல்லாத்தையும் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. 2014ல வந்த ஹார்ட்பிளீட், ப்ராசஸோட சொந்த மெமரியையே கசிய விட்டுச்சு. அதை எந்த லேபிளும் தடுக்காது. திருடன் ஒரு ரூமுக்குள்ள வந்துட்டா அடுத்த ரூமுக்குப் போகாம பார்த்துக்கிறதுதான் இதோட வேலை.

இப்பவே உங்க சர்வர்ல கெட்என்ஃபோர்ஸ் அடிச்சுப் பாருங்க. 'பெர்மிஸிவ்'னு வந்தா, அதை யார் எப்போ 'அப்புறமா'ன்னு விட்டாங்கன்னு கேளுங்க. நீங்களாவும் இருக்கலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.